22 மில்லிமீற்றர்ப் பாதையில் முதல் பொயின்ற்: சந்தா சர்ச்சைக்கு என் பதில்

என் மொடல் ரயில் பாதைக்காகக் கையால் கட்டிய முதலாவது பொயின்ற், அதாவது ரயில் நேர்ப்பாதையிலிருந்து கிளைப்பாதைக்கு மாறும் இடம், இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. நிறை ஏற்றிய நான்கு சக்கர வண்டியையும் மோட்டார் பொருத்திய போகியையும் (சக்கரத் தொகுதி) நேர்ப்பாதையிலும் கிளைப்பாதையிலும், முன்னோக்கியும் பின்னோக்கியும், மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்; இரு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிரொசிங்கின் கூர்முனையில் சக்கரம் விழவும் இல்லை, முனையில் ஏறவும் இல்லை. வழமையாக இப்படியொரு படி முடிந்தால் நண்பர்களுக்குப் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். இம்முறை விரிவாக எழுதக் காரணம் உண்டு. இந்தப் பொயின்ற் ஓடத் தொடங்கிய நாட்களில்தான், 'மொடல் ரெயில்ரோடர்' என்ற அமெரிக்க மொடல் ரயில் சஞ்சிகைக்கு நாங்கள் கூட்டாகக் கட்டிவரும் சந்தாவைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற பேச்சு எங்களுக்குள் சூடுபிடித்தது.

ஏறாவூர் நண்பர் நிறுத்த வேண்டும் என்கிறார். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயைத் தாண்டிப் போனபோதே அவருக்கு இந்தச் செலவு உறுத்தத் தொடங்கிவிட்டது. “மச்சான், இதில எனக்கு உதவுற பக்கம் எது எண்டு காட்டு பார்ப்பம்” என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. அமெரிக்க வீடுகளின் நிலக்கீழ் அறைகளை நிறைக்கும் பாதைகள், அமெரிக்கக் கம்பனிகளின் இன்ஜின்கள், நமக்கு வந்து சேராத பொருட்களின் விளம்பரங்கள், தொடக்கநிலையாளருக்காகத் திரும்பத் திரும்ப வரும் பாடங்கள் என்று அவர் பட்டியலிடுவார். கல்முனைத் தம்பிக்கோ சஞ்சிகையின் மீது கோபமும் இல்லை, பற்றும் இல்லை. முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருப்பவர் அவர்; வேண்டியதைக் காணொளியில் பார்த்து, அன்றிரவே அச்சடித்து, மறுநாள் பிழை திருத்திவிடுகிறார்; மாதம் ஒருமுறை வரும் ஒன்றுக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார். கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் அழைப்போம். அவர் 1934 ஜனவரியில் தொடங்கிய சஞ்சிகையை நம் காலத்தில் நாமே கைவிடக்கூடாது என்ற கட்சி. எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடு, காரணத்தில் இல்லை. ஒரு சஞ்சிகை நீண்ட காலம் வாழ்ந்தது என்பதற்காக அதை வாங்க வேண்டியதில்லை. அதிலிருக்கும் ஒரு விளக்கம் என் பணிமேசையில் ஒரு வேலையை முடித்து வைக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பொயின்ற் அதற்குச் சான்று.

விடயத்துக்கு வருகிறேன். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும், ஓஓ எனப்படும் மொடல் பாதையின் 16.5 மில்லிமீற்றரை அப்படியே எடுத்துக்கொண்டால், 1:76.2 அளவில் அது 1257 மில்லிமீற்றர்ப் பாதையாகத்தான் தெரியும். மட்டக்களப்பு நிலையத்தில் நின்று பழகிய கண்ணுக்கு அந்த ஒடுக்கம் உடனே பிடிபடும். பாதையை மாற்றாமல் அளவை மாற்றுவோம் என்றால் ஏறக்குறைய 1:101.6 என்று வருகிறது. அந்த அளவில் வண்டியும் இல்லை, சக்கரமும் இல்லை. ஆகவே 1:76.2 அளவை வைத்துக்கொண்டு பாதையை 22 மில்லிமீற்றராகக் கட்டுவது என்று தீர்மானித்தேன். 1600 மில்லிமீற்றர்ப் பாதை கொண்ட அயர்லாந்தின் மொடல்காரர்கள் இதே அளவில் 21 மில்லிமீற்றர்ப் பாதை கட்டுகிறார்கள் என்பது பெரிய ஆறுதல். அச்சாணியை நீட்டுவது முதலிய பல வேலைகளில் அவர்களுடைய வழி நமக்கும் பொருந்துகிறது. ஆனால் 22 மில்லிமீற்றருக்கான பொயின்ற் அளவுகளை எந்தச் சஞ்சிகையும் என் கையில் தந்துவிடவில்லை. ஏறாவூர் நண்பரின் கேள்விக்கு இந்த இடத்தில் நேர்மையான பதில், அப்படியொரு பக்கம் இல்லை என்பதே.

இருந்தது வேறொன்று. சேரிடம் 1960களின் இதழ்கள் அடங்கிய ஒரு கட்டு இருக்கிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் நனைந்து உலர்ந்தவை. தாள்கள் அலையலையாக வளைந்திருக்கின்றன, கம்பி குத்திய இடங்களில் துரு சுற்றிலும் பரவிப் பழுப்பு வட்டமாகப் படிந்திருக்கிறது, சில பக்கங்களைப் பிரிக்கக் கத்திமுனை வேண்டும். அந்தக் கட்டிலிருந்த கட்டுரையொன்று, சக்கரத்துக்கும் கிரொசிங்குக்கும் இடையிலான உறவை அமெரிக்கத் தேசிய மொடல் ரயில் சங்கத்தின் தர அளவுகளைக் கொண்டு விளக்குகிறது. அந்தச் சங்கமே 1935இல் மில்வாக்கியில் பிறந்தது. சஞ்சிகையும் அதே ஊரிலிருந்து வந்ததுதான். கட்டுரையின் எண்கள் எச்ஓ எனப்படும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதைக்கானவை, எனக்கு உதவாதவை. ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஏன் அந்த எண்ணாக இருக்கிறது என்று அது காரணம் சொல்லியிருந்தது. காரணம் தெரிந்தால் எந்த அகலத்துக்கும் கணக்குப் போடலாம்.

என் சக்கரங்கள் அந்தச் சங்கம் பரிந்துரைக்கும் ஆர்பி-25 வடிவில் 110 எண் கொண்டவை. அதாவது அகலம் 0.110 அங்குலம், ஏறத்தாழ 2.8 மில்லிமீற்றர். தண்டவாளத்தின் உட்பக்கமாக ஓடும் விளிம்பின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். விளிம்பு ஓடும் இடைவெளியை 1.0 என்று வைத்தேன். 22.0இலிருந்து 1.0ஐக் கழித்தால் 21.0. செக் ரெயில் என்பது எதிர்ப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி நின்று, சக்கரங்களை முனையில் மோதாமல் பிடிக்கும் துண்டு. அதன் உராயும் முகத்திலிருந்து கிரொசிங் முனையின் ஓடும் முகம்வரை இருக்க வேண்டிய தூரம் இது. பொயின்ற்றில் இதைவிட முக்கியமான அளவு வேறில்லை. ஓர் அச்சாணியிலுள்ள இரு சக்கரங்களின் முதுகுக்கு முதுகு தூரத்தை, அதாவது உட்பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை, 20.2 என்று அமைத்தால், ஒரு விளிம்பையும் சேர்த்து 20.96 ஆகிறது, அது 21.0க்குள் அடங்குகிறது. ஆகவே செக் ரெயில் ஒரு பக்கச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து இழுக்கும்போது, எதிர்ப்பக்கச் சக்கரத்தின் விளிம்பு முனையில் மோத வழியே இல்லை. அடுத்து, முனைக்குப் பக்கத்தில் வளைந்து செல்லும் விங் ரெயிலின் முகத்துக்கும் செக் ரெயிலின் முகத்துக்கும் இடையே 20.0, சக்கரங்களின் முதுகுத் தூரம் 20.2 என்பதால் அவை இறுகவும் மாட்டா. செக் ரெயிலின் இடைவெளி 1.0க்குப் பதிலாக 1.2 ஆகிவிட்டால் 21.0 என்பது 20.8 ஆகக் குறையும், 20.96 அதற்குள் அடங்காது. சக்கரம் முனையில் ஏறும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தும் வண்டி தடம் புரளும் பொயின்ற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒன்றிரண்டு பத்திலொரு மில்லிமீற்றரே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

சக்கரம் 'தொப்' என்று விழுவது வேறு நோய். விங் ரெயில் வளையும் இடத்துக்கும் முனைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைக் கடக்கும்போது சக்கரத்தின் அகலம்தான் அதைத் தாங்க வேண்டும். ஆகவே சக்கரத்தின் அகலம் இடைவெளியின் இரு மடங்குக்குக் குறையக்கூடாது. 1.0 என்றால் இரு மடங்கு 2.0, என் 2.8 சக்கரம் இலகுவாகத் தாங்கும். எதற்கும் இருக்கட்டும் என்று இடைவெளியை 1.5 ஆக அகலமாக விடுபவர்களுக்கு 3.0 வருகிறது, அதே சக்கரம் விழுந்துதான் ஆகும். தாராளமாக விட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் இந்த இடத்தில் முழுக்கத் தலைகீழானது.

முனையைச் செய்வதில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி போனது. கோணம் 1:6, அதாவது ஒன்பதரைப் பாகை. தண்டவாளத் துண்டின் நுனியைச் சற்று வளைத்த பிறகே அரத்தால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் தலைப்பகுதி கூராகும்போது நடுத்தண்டு தேய்ந்து போகாமல் பின்னால் நின்று தாங்கும். முதிரைக் கட்டையொன்றில் அந்தக் கோணத்துக்குக் காடி வெட்டி, அதில் துண்டை இறுக்கி, அரத்தை ஒரே திசையில் தள்ளித் தேய்த்தேன். முன்னும் பின்னும் இழுத்தால் நிக்கல் சில்வர் அரத்தின் பற்களில் அடைத்துக்கொண்டு, தேய்க்கும் முகத்திலேயே கீறல் போடும்; சோக்கட்டியை அரத்தில் உரசிக்கொண்டால் அடைப்புக் குறைகிறது. நுனியைக் கத்திபோல் விடாமல் அரை மில்லிமீற்றர் அளவுக்கு மொட்டையாக விட்டேன். இரு துண்டுகளையும் இணைக்க 296 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் சோல்டரைப் பயன்படுத்தியதால், பிறகு அதை கொப்பர் போட் (செம்பு பூசிய பலகை) சிலிப்பரில் சாதாரண 60/40 சோல்டரால் பற்றவைத்தபோது முனை பிரியவில்லை. 60/40 சோல்டர் 190 பாகைக்குள்ளேயே உருகிவிடும். விங் ரெயிலையும் செக் ரெயிலையும் வைக்கும்போது, 1.0 மில்லிமீற்றருக்குத் தேய்த்த பித்தளைத் தகட்டை இடையில் செருகிவிட்டுத்தான் சோல்டரிங் அயனை வைத்தேன். டிஜிட்டல் கலிப்பரால் அளந்துகொண்டே பற்றவைப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் சோல்டர் இறுகும்போது தண்டவாளம் அசைவதைத் தகடு தடுக்கிறது.

பொருட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். கொப்பர் போட் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். பெரிய தாளாக வாங்கி 36 மில்லிமீற்றர் நீளத்துக்கு நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். உயர் வெப்பச் சோல்டர் கனடாவிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தது. தண்டவாளம் வெளிநாட்டில் ஓரிடத்தில் ஓடர் செய்தேன். குழாயில் அடைக்காமல் வெறும் அட்டையில் சுற்றி அனுப்பியிருந்தார்கள், பாதி வளைந்து வந்தது, முறையிட்டும் பதில் இல்லை. வளைந்தவற்றைச் செக் ரெயிலுக்கும் விங் ரெயிலுக்கும் துண்டுபோட்டுப் பயன்படுத்தினேன். பாதைக்கு அடியில் விரிக்க, செருப்புக்குப் போடும் மெல்லிய ரப்பர்த் தாள் நம்மூரில் மலிவாகக் கிடைக்கிறது.

இந்த இடத்தில் ஏறாவூர் நண்பருக்கு ஒரு விடயத்தை விட்டுக்கொடுக்கிறேன். அமெரிக்கச் சஞ்சிகைகள் காலங்காலமாகச் சொல்லும் ஹோமசோட் என்ற காகிதக்கூழ்ப் பலகை நமக்குக் கிடையாது. சோல்டரிங்குக்குப் பிறகு எஞ்சும் அமிலப் பிளக்ஸ் (சோல்டர் பிடிக்கப் பூசுவது), வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் வீட்டில் எவ்வளவு விரைவாகப் பச்சை பூக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒவ்வோர் இணைப்பையும் உடனுக்குடன் பழைய பல்தூரிகையால் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் மேடைப்பலகை சுருங்கித் தண்டவாள இடைவெளிகள் மூடிக்கொள்ளும். மாரியில் ஊதித் திறந்துகொள்ளும். இவற்றையெல்லாம் நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் மேடைக்கான என் சட்டம், அந்தச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்கொட் வகுத்த எல்-கேர்டர் முறையில் கட்டியது. மெல்லிய இரு சட்டங்களை எல் வடிவில் ஒட்டி நெடுக்கே கிடத்தி, குறுக்குச் சட்டங்களைக் கீழிருந்து திருகாணியால் பூட்டும் முறை அது. தேவைப்படும்போது ஒரு குறுக்குச் சட்டத்தை மேலே எதையும் கலைக்காமல் நகர்த்தலாம். மரம் ஊதிச் சுருங்கும் ஊரில் அந்த வசதியின் பெறுமதி அவர்களைவிட நமக்கே அதிகம்.

கல்முனைத் தம்பியின் காணொளிகளையும் நான் பார்க்கிறேன். முனையைத் தேய்க்கும்போது கை எப்படி நகர வேண்டும் என்பதைக் காணொளி காட்டுவதுபோல் எந்தப் பக்கமும் காட்டாது. நான் பார்த்தவற்றில் 21.0க்கும் 20.96க்கும் உள்ள உறவை நின்று விளக்கிய ஒன்றும் இல்லை. ‘என் அளவு இது, இதையே வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தம்பி அச்சடித்த கிரொசிங் அச்சில் செக் ரெயில் இடைவெளி 1.2 இருந்தது, அவர் தொகுத்த கோப்பில் இருந்த அளவே அது. இந்தக் கணக்கைக் காட்டியதும் அன்றிரவே திருத்திவிட்டார். இப்போது சேரின் கட்டிலுள்ள பொயின்ற் கட்டுரைகளைத் தொலைபேசியில் படமெடுத்து வருகிறார்.

எனவே என் நிலைப்பாடு இதுதான்: சந்தாவைத் தொடரலாம், ஆனால் புது இதழுக்காக மட்டும் அல்ல. 1934 முதல் 2009 வரையான இதழ்கள் அனைத்தும் 2010இல் டிவிடித் தொகுப்பாக வந்திருக்கின்றன. கூட்டுப்பணத்தில் முதலில் அதை வாங்குவோம் என்று சேரிடம் சொல்லியிருக்கிறேன். 2024இல் சஞ்சிகை அதை வெளியிட்டுவந்த கால்ம்பாக்கிடமிருந்து பயர்குரௌன் நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. ஓராண்டு இதழ்களைப் பார்த்து, காரணம் சொல்லும் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு மறு முடிவு எடுக்கலாம். ஏறாவூர் நண்பரின் பங்கை அதுவரை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த வேலை இலங்கை ரயில்வேயின் எம்-2 டீசல் இன்ஜினின் மொடல் உடலாக இருந்திருக்க வேண்டும். கொழும்புத் திட்டத்தின்கீழ் 1954 முதல் கனடா தந்த, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று அந்நாட்டு மாகாணப் பெயர்களைத் தாங்கிய இன்ஜின்கள் அவை; பிளாஸ்டிக் தாளும் வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் பொயின்ற் ஓடியதிலிருந்து மனம் ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் நிற்கிறது. ரயிலும் வாகனங்களும் ஒரே தளத்தை மாறி மாறிப் பயன்படுத்திய பாலம் அது. தண்டவாளங்களுக்கு இடையே வீதித்தளம் வரும்போது, விளிம்பு ஓடும் இடைவெளியைப் பாலத்தின் முழு நீளத்துக்கும் காக்க வேண்டும். அங்கே முனை இல்லாததால் 1.0 கட்டாயமில்லை, 1.5 வரை விடலாம் என்று நினைக்கிறேன், சேர் 1.25க்கு மேல் போகக்கூடாது, வீதி பார்வைக்குக் கெட்டுவிடும் என்கிறார். இரண்டு அளவிலும் ஒவ்வொரு சாண் துண்டு கட்டி, அதே போகியை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.