தாய்மாமன் கையெழுத்து செல்லாதாம்

காது குத்த நம்ம மடி வேணும், சீருக்கு நம்ம பாக்கெட் வேணும், ஆனா மருமகனோட குடியுரிமைப் பேப்பர்ல தாய்மாமனுக்குன்னு ஒரு கட்டம்கூட கிடையாது. அப்பா, அம்மா, அம்புட்டுதான். அழகர்கோயில்ல எம்மடியில உக்காந்து ஊரைக் கூட்டுன பய, சட்டப்படி நான் அவனுக்கு யாரோ.

தங்கச்சி மகன் நியூஜெர்சியில பொறந்தவன், அங்க பொறந்ததால அமெரிக்கக் குடிமகன். இப்ப ஆத்தாளும் மகனும் மதுரையில எங்ககூட, மாப்ள அங்கிட்டு. பிரிஞ்சு இருக்காங்க, டைவர்ஸ் ஆகல, கஸ்டடி ஆர்டரும் இல்ல. எல்லா இழுபறியும் இங்கதான் ஆரம்பிக்குது.

எங்க பெரியப்பா ரொம்ப சிம்பிளா சொன்னாரு, "பேசாம இந்தியக் குடியுரிமை வாங்கிருங்கடா, கலெக்டர் ஆபீஸ் அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதானே"ன்னு. நடந்து போற தூரம்தான், ஆனா விஷயம் அம்புட்டு பக்கத்துல இல்ல. 1955 குடியுரிமைச் சட்டம் நாலாவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, 2004 டிசம்பர் 3-க்குப் பெறகு வெளிநாட்டுல பொறந்த பிள்ளைய ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பதியணும், அப்புறம்னா மத்திய அரசு அனுமதி வேணும், அதோட பிள்ளைக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லைன்னு பெத்தவங்க எழுதிக் கொடுக்கணும். இவனுக்கு கைப்பிள்ளையா இருக்கும்போதே அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்தாச்சு, அந்தக் கதவு அப்பவே சாத்திருச்சு.

அதனால இப்ப நாங்க பாக்குறது ஓசிஐ கார்டு, அதாவது 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா'. அது குடியுரிமை இல்லீங்க, பேருதான் அப்படி. ஓட்டு கிடையாது, இந்திய பாஸ்போர்ட் கிடையாது, விசா இல்லாம வந்து போகலாம், இருக்கலாம். அதுக்கும் மைனர்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிச்சு கையெழுத்து போடணும், பிரிஞ்சவங்கன்னா பிள்ளை யாருகிட்டன்னு கோர்ட் ஆர்டர் காட்டணும்.

அதுக்கு முன்னாடி அமெரிக்க பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும். பதினாறு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அஞ்சு வருஷம்தான் செல்லும். ரெண்டு பேரும் நேர்ல வரணும், இல்லைன்னா வராதவரு டிஎஸ்-3053ங்கிற பாரத்துல நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டு, தன்னோட ஐடி ஜெராக்ஸும் வச்சு அனுப்பணும், அது 90 நாளைக்குத்தான் செல்லுபடி. ஆளே அகப்படலைன்னா டிஎஸ்-5525னு ஒண்ணு இருக்கு, ஆனா எங்க மாப்ளைக்கு போன் போட்டா எடுக்குறாரு, அதனால அது எங்களுக்கு உதவாது.

வீட்டுல பாதிப் பேரு "அந்தாளு வேணும்னே இழுக்குறான்"ங்கிறாங்க. எனக்கு அப்படித் தோணல, இதச் சொன்னதுக்கு அம்மா ரெண்டு நாள் எங்கூடப் பேசல. 1980 ஹேக் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, ஒரு நாட்டுலருந்து பிள்ளைய ஒருத்தர் தூக்கிட்டுப் போயிட்டா திருப்பி அனுப்ப வழி சொல்றது, அதுல இந்தியா சேரல. அப்ப கையெழுத்து போட்டுட்டா மகன் இங்கயே இருந்துருவானோன்னு அங்க தனியா உக்காந்திருக்கற மனுசனுக்கு பயம் வராதா, எனக்கு ஒரு மகன் இருந்து இப்படின்னா நானும் பேனாவ மூடித்தான் வச்சிருப்பேன்.

தங்கச்சி பக்கமும் நியாயம் இருக்கு, பயலுக்கு இங்கயும் ஒரு பிடிமானம் வேணும்ங்கிறா. பெத்தவங்க எடுக்கற முடிவு பிள்ளை தலையில எம்புட்டு காலம் உக்காந்திருக்கும்னு பாக்கணும்னா 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்ச கேஸப் பாருங்க. 1998-ல வயித்துல பிள்ளையோட இருக்கும்போதே தம்பதி சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டாங்க. பையன் பெரியவனாகி இந்தியக் குடியுரிமைய திரும்பக் கேட்டான். சென்னை ஹைகோர்ட் சரின்னுச்சு, பெத்தவங்க குடியுரிமைய விட்டா பிள்ளை பெரியவனானதும் திரும்பக் கேக்கலாம்ங்கிற சட்டப் பிரிவு உனக்குப் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அன்னைக்கு அவங்கிட்ட யாரு கேட்டா?

கடைசில நானே மாப்ளைக்குப் போன் போட்டேன். சண்டை இல்ல, சாப்டீங்களான்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஓடுச்சு. பாஸ்போர்ட் பாரத்துல போட்டுத் தாரேன்னுட்டாரு. ஓசிஐக்கு மட்டும், வருஷா வருஷம் பயல அனுப்புவோம்னு வக்கீல் மூலமா எழுதி கோர்ட்லயும் பதிஞ்சு தரச் சொல்றாரு. தங்கச்சி சரின்னுட்டா, இப்ப லீவு பூராவுமா பாதியாங்கிறதுல இழுத்துக்கிட்டு கெடக்கு.