தகடு சரி, எஞ்சின் வேறு

பழைய மொறிஸ் மைனர் கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் இலக்கத் தகட்டையும் காரின் பதிவுப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஒரிஜினல்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் பெரியப்பாவின் 1960ஆம் ஆண்டுக் காரில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தின. டைனமோவுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னத் தகட்டில் 9M-U-H என்று தொடங்கும் இலக்கம். 9M என்றால் 948 சிசி மொறிஸ் எஞ்சின், H என்றால் ஹை கம்பிரெஷன்.

எஞ்சின் மாற்றம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று கேட்க வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கோப்பைத் திறக்காமலே, "நம்பர் பொருந்துதுதானே தம்பி, வேற என்ன வேணும்?" என்றார் அங்கிருந்தவர். அப்புறம் உரிமையாளரின் கடிதம் கேட்டார். கடிதத்தோடு போனால், உரிமையாளரே வர வேண்டுமாம். எண்பது தாண்டிய மனிதரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போன அன்று, பொறுப்பானவர் லீவு. பெரியப்பாவை அந்த வாங்கில் இருத்தி வைத்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. முதல் தடவையே உரிமையாளர், அடையாள அட்டை, மூலப் புத்தகம் மூன்றையும் கொண்டு போங்கள். போகுமுன் ஆள் இருக்கிறாரா என்று போன் பண்ணிக் கேளுங்கள். கடைசியில் கிடைத்த பதில்: மாற்றம் எதுவும் பதிவில் இல்லை.

இங்கிலாந்தில் கெய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. காசு கட்டி எடுத்தேன். அதிலும் அதே இலக்கம்தான்.

உண்மை வெளிவந்தது யாழ்ப்பாணம் கொக்குவில் கராஜில், காஸ்கட் மாற்ற எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது. மெக்கானிக் அண்ணை சிலிண்டரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். விட்டத்தை மட்டும் அளந்து பயனில்லை, 948இன் 62.9 மில்லிமீற்றர் சிலிண்டரைக் குடைந்து ரீபோர் பண்ணிப் பண்ணி, பிந்திய மைனர்களில் வந்த 1098 சிசி எஞ்சினின் 64.6க்குக் கிட்டக் கொண்டுவந்துவிடலாம். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கைத்தான் அளக்க வேண்டும். பிஸ்டன் மேலே நிற்கும்போது ஒரு அளவு, கீழே இறங்கியதும் ஒரு அளவு: வித்தியாசம் 948இல் 76.2, 1098இல் 83.7. எங்களுடையது 83.7. பிளக் ஓட்டைக்குள் கம்பி விட்டு அளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஓட்டை சரிவாக இருப்பதால் அளவு பிழைக்கும்.

தொண்ணூறுகளில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வர விடாத காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்தானே இவை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் இறங்கி ஒயிலை நீர்க்கப் பண்ண, சிலிண்டர்கள் தேய்ந்து போயின. கிடைத்த எஞ்சினைப் போட்டு ஓடினார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் காரில் யாரோ பழைய தகட்டைக் கழற்றிப் புதிய புளொக்கில் அடித்திருக்கிறார்கள். தகட்டைப் பிடித்திருந்தவை நடுவில் துளையுள்ள பொப் ரிவெற்றுகள், தொழிற்சாலையில் அடித்தவை அல்ல. தகட்டின் இலக்கத்தைப் பார்க்கும் முன் அந்த ரிவெற்றுகளைப் பாருங்கள்.

1098 நல்ல எஞ்சின், மேடுகளில் இன்னும் நன்றாகவே இழுக்கும். ஆனால் ஒரிஜினல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம், ஹெட்டைக் கழற்றி அளக்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டார் என்றால் சாதாரண மைனரின் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.