முட்டு எடுத்த பிறகு

சென்னையில் ஒரு ஸ்டீல் கட்டடம். மூன்றாம் தளத்தில் டெக் ஷீட் (ஸ்லாப்புக்கு அடியிலேயே தங்கிவிடும் மடிப்பு எஃகுத் தகடு) மேல் 130 மில்லிமீட்டர் ஸ்லாப், இரவு காங்கிரீட். பதினொரு மணிக்கு மேஸ்திரி வந்து, "சார், இன்னும் ஒரு வண்டி வேணும். நீங்க கொடுத்த கணக்கு பத்தல" என்றார். ஷீட்டின் மடிப்பையெல்லாம் கழித்து நானே போட்ட அளவு அது. நம்ப முடியாமல் கீழே இறங்கி, இரண்டு பீமுக்கு நடுவே நூல் பிடித்துப் பார்த்தேன். 3 மீட்டர் இடைவெளியில் ஷீட் நடுவே 16 மில்லிமீட்டர் தொங்கியிருந்தது.

மேலே லேசர் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷீட் இறங்க இறங்க, மட்டத்துக்காக நடுவில் காங்கிரீட் கூடுகிறது; கூடிய எடை ஷீட்டை இன்னும் இறக்குகிறது. டிசைன் போடும்போது, தொய்வு வரம்பான இடைவெளியில் 180-ல் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லிமீட்டருக்குள் வருகிறது என்று நான் தாளைத் திருப்பிவிட்டேன். ஸ்டீலும் காங்கிரீட்டும் சேர்ந்த கட்டடங்களுக்கான ஐரோப்பிய விதிநூல் யூரோகோட் 4-ல் இன்னொரு வரியும் இருக்கிறது: தொய்வு ஸ்லாப் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தொய்வின் 0.7 மடங்கைக் கூடுதல் தடிமனாக எடுக்க வேண்டும். இங்கே பத்தில் ஒரு பங்கு 13. தாண்டிவிட்டது. கூடுதல் 11 மில்லிமீட்டர். அன்றைய 450 சதுர மீட்டருக்கு 5 கன மீட்டர். மேஸ்திரி கேட்ட அதே ஒரு வண்டி!

அந்த 16 மில்லிமீட்டர் இனி திரும்பாது. ஈரக் காங்கிரீட்டை வெறும் ஷீட்தான் தாங்கியது. அந்த வடிவிலேயே இறுகிவிட்டது. பிறகு வரும் டைல்ஸ், பார்ட்டிஷன், ஆட்கள் எல்லாவற்றையும் ஷீட்டும் காங்கிரீட்டும் சேர்ந்து தாங்கும், அந்தச் சேர்க்கைக்கு விறைப்பு பல மடங்கு அதிகம். அதனால் தொய்வை இரண்டு கட்டமாகப் பிரித்துத்தான் போட வேண்டும். காங்கிரீட் இறுகும் வரை தாங்க, கீழே முட்டு (தற்காலிகத் தூண்) கொடுத்திருந்தால் கதையே வேறு: முட்டை எடுக்கும் நாளில் ஸ்லாப்பின் சொந்த எடையும் சேர்க்கைப் பகுதி மேல் விழும், அதோடு க்ரீப்பும், அதாவது நீடிக்கும் பாரத்தில் காங்கிரீட் நாளாக ஆக மெல்ல மெல்ல இறங்குவதும், தொடங்கும். முட்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் தொய்வுக் கணக்கைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

இதை நான் ஏற்கெனவே கற்றிருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் 4.8 மீட்டர் ஆர்.சி.சி. ஸ்லாப் ஒன்று, தடிமன் 175. சாஃப்ட்வேர் சில மில்லிமீட்டர்தான் காட்டியது. ஒரு வருடம் கழித்து, மேலிருந்த பிளாக் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல். விரல் நகம் நுழையும் அகலம். அந்த வீட்டு அம்மா, "தம்பி, வீடு விழுந்துடுமா?" என்று கேட்டார். விழாது என்று உறுதியாகச் சொன்னேன். பலத்தில் குறை இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த பயம் அன்று முழுக்க என்னை விட்டுப் போகவில்லை.

அலுவலகம் வந்து கையால் போட்டுப் பார்த்தேன். எம்25 தரக் காங்கிரீட், 10 எம்.எம். கம்பி 125 எம்.எம். இடைவெளியில். விரிசல் விடாத ஒரு மீட்டர் பட்டைக்கு இனர்ஷியா (வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவு) 447 மில்லியன் மி.மீ.⁴. விரிசல் விட்டால் 81 மில்லியன், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மை நிலை இரண்டுக்கும் நடுவே. சாஃப்ட்வேர் முதலாவதை மட்டும் எடுத்திருந்தது, நானும் கேட்கவில்லை. சைட் டைரியைப் புரட்டினேன்: அடுத்த தளத்துக்குச் சாமான் வேண்டுமென்று ஏழாம் நாளே முட்டைப் பிரித்திருந்தார்கள். ஸ்லாப்பின் இடைவெளி 4.5 மீட்டருக்கு மேல் போனால் இந்தியக் காங்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456 கேட்பது 14 நாள். அதே விதிநூலில் க்ரீப் கெழு (பாரம் ஏற்றியதும் வரும் சுருக்கத்தைப் போல எத்தனை மடங்கு பிறகு சேரும் என்ற எண்), 28-ஆம் நாள் பாரம் ஏற்றினால் 1.6, ஏழாம் நாள் என்றால் 2.2. பார்ட்டிஷன் கட்டிய பிறகு வரும் தொய்வு இந்த இடைவெளிக்கு 13.7 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். அது நிற்காததற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

நான்காம் தளத்துக்கு டெக் ஷீட்டின் நடுவில் ஒரு வரிசை முட்டு கொடுத்தோம். கணக்கையும் திருப்பிப் போட்டேன். எடுக்கும் தேதியை டிராயிங்கில் எழுதிக் கொடுத்ததோடு மேஸ்திரியிடமும் சொன்னேன். அவர் சாக்பீஸ் எடுத்து, ஒவ்வொரு முட்டிலும் அந்தத் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டே போனார்.