நீதானேம்மா சொன்னே

எங்கள் வார்டில் பகல் ஷிப்டில் தமிழ் பேசத் தெரிந்த தாதி என்றால் பெரும்பாலும் நான் ஒருத்திதான். அதனால் புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்தே, வேலைப் பட்டியலில் இல்லாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. டாக்டர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "சிஸ்டர், தமிழ் பேஷன்ட், அஞ்சு நிமிஷம்" என்பார். அது ஒருநாளும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததில்லை.

நான் சிங்கப்பூரிலேயே பிறந்து, பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்தவள். அந்தத் தமிழில் திருக்குறள் இருந்தது, கருத்தறிதல் இருந்தது. நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய் இல்லை. மீசோதீலியோமா என்பதை இன்றும் மீசோதீலியோமா என்றே சொல்கிறேன். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் இருக்கு, அதுல வர்ற புற்றுநோய் என்று விளக்குவேன். வயிற்றுறையிலும் வரும், ஆனால் நான் பார்த்தவை எல்லாம் நெஞ்சில் வந்தவைதான்.

2023 ஆகஸ்டில் வந்தவரை இங்கே அங்கிள் என்று மட்டும் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். வயது 74, செம்பவாங் பக்கம் வீடு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தவருக்கு வலது பக்கம் முழுக்க நீர். முதல் நாளே ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். அப்புறம் கேமரா விட்டு உறையிலிருந்து சதை எடுத்துச் சோதித்தபோது மீசோதீலியோமா என்று தெரிந்தது.

இளம் டாக்டர் ஒருவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இந்த நோய்க்குப் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான் காரணம். அதோடு வேலை செய்ததுண்டா? நான் கேட்டேன். அங்கிள் யோசிக்கவே இல்லை.

"ஆஸ்பெஸ்டாஸா? கூரைக்குப் போடுற ஓடுதானே? எங்க ஊர்ல மாட்டுக்கொட்டாய்க்குப் போட்டிருந்தாங்க. நான் அந்த வேலை செஞ்சதே இல்லையே."

"நோ" என்று மொழிபெயர்த்தேன். கோப்பில் அப்படியே ஏறியது. கல்நார் என்று தமிழில் கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்தச் சொல் எனக்கே பாடப்புத்தகத்தில் பார்த்த ஞாபகம்தான்.

பத்து நாள் கழித்து ஒருமுறை சும்மா பேச்சுக் கொடுத்தேன். அங்கிள் எங்கே வேலை பார்த்தீங்க? கப்பல் பட்டறை. என்ன வேலை? "லாகிங்." நீராவி போகிற பைப்பின்மேல் சூடு வெளியே போகாமல் சுற்றும் பஞ்சுதான் லாகிங். பழுதுபார்க்க வரும் பழைய கப்பலில் முதலில் பழைய பஞ்சைப் பிய்த்து எறிய வேண்டும். பைப் வேலை முடிந்ததும் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் புதிதாகப் பூச வேண்டும். எஞ்சின் ரூமில் காற்றே இருக்காது. "வெள்ளையா கொட்டும்மா. வெளிய வரும்போது இருபத்தஞ்சு வயசுல தலையெல்லாம் கிழவன் மாதிரி இருக்கும். ஒருத்தனப் பாத்து ஒருத்தன் சிரிப்போம்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தப் பஞ்சுதான் ஆஸ்பெஸ்டாஸ். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடம் 1968இல் வணிகக் கப்பல் பட்டறையாக மாறியது. அந்தப் பக்கத்தில் தமிழர்களும் மலையாளிகளும் எவ்வளவு பேர் வேலை பார்த்தார்கள் என்பது செம்பவாங்கில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்துவதை சிங்கப்பூர் 1989இல் தடை செய்துவிட்டது. ஆனால் இந்த நோய் வர முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். தடை வந்தபோது அங்கிளின் நெஞ்சுக்குள் அது எப்போதோ போய் உட்கார்ந்துவிட்டது.

கோப்பைத் திருத்தச் சொன்னேன். சிகிச்சை அதனால் மாறாது. ஆனால் மீசோதீலியோமா இங்கே தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், இழப்பீடு கேட்கலாமா என்று பார்க்க வேண்டும். அவரை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் கம்பெனி எப்போதோ மூடிப் போயிருந்தது. அந்தத் தாள்களோடு அவர் மகன் அலைந்தது தனிக்கதை.

நான் எழுத வந்த என் தப்பு இது இல்லை. இது சின்னது.

செப்டம்பர் நடுவில் பெரிய டாக்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார். அங்கிள், ஆன்ட்டி, மகன், நான். அறுவை சிகிச்சையிலிருந்து ஆரம்பித்தார், மகன் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால். "வெட்டி எடுத்துட முடியாதா டாக்டர்?" இவருக்கு நோய் பரவியிருந்த அளவுக்கு அது முடியாது என்றார். முடிகிறவர்களுக்கே அது நல்லதா என்பதில் சந்தேகம் வந்துவிட்டது என்று, முந்தைய வாரம் இதே ஊரில் நடந்த உலக நுரையீரல் புற்றுநோய் மாநாட்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வைச் சொன்னார். 335 பேர். பாதிப் பேருக்கு நுரையீரல் உறையை உரித்தெடுத்துக் கீமோவும் கொடுத்தார்கள், மீதிப் பேருக்குக் கீமோ மட்டும். கீமோ மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 25 மாதங்களைத் தாண்டினார்கள். வெட்டியவர்களில் பாதிப் பேர் தாண்டியது 19 மாதங்களைத்தான். மகன் அதை நம்ப மறுத்தார். வெட்டினால் நோய் போகும் என்பது நம் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. டாக்டர் பொறுமையாக இரண்டாவது முறையும் சொன்னார்.

அடுத்து கீமோ. பெமெட்ரெக்செட், கூடவே சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. 2003இல் வந்த ஆய்விலிருந்து இந்த ஜோடிதான் அடிப்படை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பி12 ஊசியும் முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து வாயெல்லாம் புண்ணாகிவிடும். இந்தப் பகுதியை நான் தூக்கத்தில்கூட மொழிபெயர்ப்பேன்.

மூன்றாவது நோய் எதிர்ப்புச் சிகிச்சை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிட்டுப் புற்றுநோயோடு மோத விடுவது. நிவோலுமாப் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இபிலிமுமாப் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு வருடம். 605 பேரை வைத்து நடந்த ஆய்வில் இந்த ஜோடியை எடுத்தவர்களில் பாதிப் பேர் 18 மாதங்களைத் தாண்டினார்கள், கீமோ எடுத்தவர்களுக்கு அது 14. அங்கிளின் நோயில் சற்றுச் சாதுவான செல், முரட்டுச் செல் என்ற இரண்டு வகையும் கலந்திருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கும் முரட்டுச் செல் மட்டும் உள்ளவர்களுக்கும் வித்தியாசம் இன்னும் பெரியது: 18 மாதத்துக்கு எதிராக ஒன்பதுகூட இல்லை. அதனால் டாக்டரின் மனம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கடைசியாக, மருந்தே எடுக்காமல் மூச்சுத்திணறலையும் வலியையும் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் ஒரு வழிதான் என்றார்.

பிறகு அந்த வாக்கியம். இதைக் குணப்படுத்த முடியாது, ஆனால் கட்டுக்குள் கொண்டுவர முயலலாம். ஆங்கிலத்தில் அவர் சொன்னது 'கன்ட்ரோல்'. ஆன்ட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "முழுசா போகாது அங்கிள். ஆனா மருந்து போட்டுக் கட்டுப்படுத்திடலாம்."

கட்டுப்படுத்திடலாம். முயலலாம் என்பதை விட்டுவிட்டேன். 'திட' என்ற அசையை நானாகச் சேர்த்தேன், யாரும் கேட்காமல். ஆன்ட்டியின் விரல் நின்றது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

நவம்பரில் மூன்றாவது முறை மருந்துக்கு வந்தபோது அங்கிள் உற்சாகமாக இருந்தார். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், இன்னும் மூன்று வருஷத்தில். வசூல் கமிட்டியில் பெயர் கொடுத்திருக்கிறாராம், வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு மாறி ஒரு பகுதிப் பணத்தையும் எழுதி வைக்கப் போகிறாராம்.

"மூணு வருஷமா அங்கிள்?"

"ஆமா. சக்கரை எனக்கு இருபத்தாறு வருஷமா இருக்கு. மாத்திரை போட்டுக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கேன்ல? இதுவும் அப்படித்தான். கட்டுப்படுத்திடலாம்னு நீதானேம்மா சொன்னே."

நம் ஆட்களுக்குக் 'கட்டுப்பாடு' என்றால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. பேரன் கல்யாணத்தைப் பார்க்கிற நோய்கள். நான் அந்தச் சொல்லை எடுத்து இந்த நோயின்மேல் ஒட்டிவிட்டேன். அதை நம்பி ஒரு மனிதர் வீடு விற்கப் போகிறார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்டார். திருப்பி ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் 'கன்ட்ரோல்' என்றுதான் வந்தது. "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் 'கொஞ்ச காலத்துக்கு' என்பது இருந்திருக்கிறது, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை டாக்டர் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, அங்கிளுக்கு என்ன புரிந்தது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னார். 18 மாதம் என்பதை நான் இப்படிச் சொன்னேன்: நூறு பேரை வரிசையில் நிறுத்தினா, அம்பது பேர் அதுக்கு முன்னாடியே போயிடுவாங்க, அம்பது பேர் அதுக்கு அப்புறமும் இருப்பாங்க, நீங்க எங்க நிக்கிறீங்கன்னு யாருக்கும் தெரியாது. மகன் இணையத்தில் படித்த ஸ்டீபன் ஜே கூல்டைக் கொண்டுவந்தார். வயிற்றுறையில் இதே நோய் 1982இல் வந்து, எட்டு மாதக் கணக்கைத் தாண்டி இருபது வருடம் வாழ்ந்த அமெரிக்க விஞ்ஞானி. உண்மைதான் என்றார் டாக்டர். அவருக்கு அப்போது வயது நாற்பது, நோய் வந்த இடமும் வேறு.

அங்கிள் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப இது கிளாம்ப் போடுற மாதிரி. கடல்ல போறப்ப பைப் லீக்கானா கிளாம்ப் போட்டு இறுக்குவாங்க. அடுத்த துறைமுகம் வரைக்கும் தாங்கும். பைப்ப மாத்துனதா அர்த்தமில்ல."

நான் டாக்டருக்கு மொழிபெயர்த்தேன். அவர் 'கிளாம்ப்' என்ற சொல்லைக் கோப்பிலேயே எழுதி வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் அதுதான் சொல். கிளாம்ப் பிடிக்குதா? பிடிக்குது. வீட்டை விற்கவில்லை. கமிட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, டிசம்பரில் ஊருக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஜனவரியில் கிளாம்ப் நழுவியது. ஐந்து நாள் வயிற்றுப்போக்கு. முதல் நாளே கூப்பிட வேண்டும் என்று அட்டை கொடுத்து, நானே படித்தும் காட்டியிருந்தேன். வீட்டில் சூடு என்று நினைத்து மோரும் இளநீரும் கொடுத்திருக்கிறார்கள். இந்த மருந்துகளில் தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கும். மோர் அதற்குக் கேட்காது, ஸ்டீராய்டு வேண்டும். இப்போது யாருக்கு இந்த மருந்தைத் தொடங்கினாலும், "சூடுன்னு நெனச்சு மோர் குடிச்சுக்கிட்டு இருந்துடாதீங்க" என்று இதே சொற்களில் சொல்கிறேன். அச்சிட்ட அட்டையைவிட அது வேலை செய்கிறது.

குடல் ஆறியது. அந்த மருந்தைத் தொடர முடியாது, கீமோ இன்னும் கையில் இருக்கிறது என்றார் டாக்டர். அங்கிள் வேண்டாம் என்றார். மகன் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

நீர் மட்டும் திரும்பத் திரும்பச் சேர்ந்தது. டால்க் பவுடர் போட்டு உறையை ஒட்ட வைக்கலாம், அல்லது நெஞ்சில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டு 146 பேரை வைத்து நடந்த ஆய்வில் சிங்கப்பூரும் இருந்தது. குழாய் வைத்தவர்கள் மருத்துவமனையில் கிடந்த நாட்கள் கொஞ்சம் குறைவு. அங்கிள் குழாயைக் கேட்டார், பைப் ஆள்தானே. வடிக்கக் கற்றுக்கொண்டது ஆன்ட்டி. கையுறை, ஸ்பிரிட், புட்டியை மாட்டுவது, வலித்தால் நிறுத்துவது. இரண்டாவது முறையிலேயே என்னைவிட சுத்தமாகச் செய்தார்.

மூச்சுத்திணறலுக்குக் கொஞ்சமாக மார்பின் கொடுக்கலாம் என்றபோது அங்கிள் கண்ணைச் சுருக்கினார். "இந்த ஊர்ல இதுக்குத் தூக்குல்ல போடுவாங்க?" டாக்டருக்கு மொழிபெயர்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று கையேட்டில் அச்சிட்டிருக்கும் சொல்லை நான் வாயில் எடுப்பதில்லை. 'மூச்சையும் வலியையும் பாக்குறதுக்குன்னே ஒரு டீம், வீட்டுக்கே வருவாங்க' என்றேன். கூடவே, அவர்கள் கடைசிவரை வருவார்கள் என்றும் சொன்னேன். அதை முன்பு சொல்லாமல் விட்டுவிடுவேன்.

மார்ச் கடைசியில் பங்குனி உத்திரத்துக்கு ஈசூனில் இருக்கும் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் போய் வந்தார். கடற்படைத் தள நாட்களில் கும்பிட்ட சாமி. ஜூலையில் வீட்டிலேயே இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து ஆன்ட்டி வார்டுக்கு வந்தார், பிரிக்காத புட்டிகள் அரைப் பெட்டியோடு. திரும்ப வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது. உட்கார வைத்தேன். மெதுவாகக் கேட்டார்: "அவர் சட்டையெல்லாம் நான்தான் துவைச்சேன். உதறி உதறித் துவைப்பேன். எனக்கும் வருமா?"

வேலை செய்தவரின் துணியைத் துவைத்த மனைவிக்கு இந்த நோய் வந்ததுண்டு. இல்லை என்று சொல்ல என் வாய் துடித்தது. டாக்டரிடம் கேட்போம் என்றேன்.

அவருக்கு லேசான இருமலும் இருந்ததால் எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் பின்னால் வரவே வராது என்று சொல்ல முடியாது, வாய்ப்பு குறைவு, மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்றார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். முந்தானை விரலில் சுற்றியிருந்தது.

"இப்போதைக்கு ஒண்ணும் தெரியல ஆன்ட்டி" என்று ஆரம்பித்து, அவர் சொன்ன வரிசையிலேயே மீதியையும் சொன்னேன்.