டிக்கெட் சல்லிசு, டாக்சி கொள்ளை: கொல்கத்தாவில் ஒரு ஃபைனல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் ஒரே ஒரு ஃபுட்பால் மேட்ச்தான் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது என்றால், அது இதுவாக இருந்தால் எனக்குப் போதும். 2017 அக்டோபர் 28, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்து 5, ஸ்பெயின் 2. அரை மணி நேரத்துக்குள் ரெண்டு கோல் வாங்கிய அணி, அப்புறம் அஞ்சு கோல் போட்டு ஜெயித்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆபீஸில் போனை எடுத்து ஹலோ என்றால், எதிர்முனையில் "யாருங்க பேசறது?" என்றார்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். அதற்கு முன்னால் அந்த டாக்சிக்காரரை ஒரு பிடி பிடிக்காமல் மனசு ஆறாது.

கோப்பை கொடுத்து, வாணவேடிக்கை முடிந்து வெளியே வந்தபோது மணி பத்தரை. பைபாஸ் சாலை முழுக்கத் தலைகள். போனில் ஆப் டாக்சி சுற்றிக்கொண்டே இருக்கிறது, வண்டி கிடைக்கிற வழியைக் காணோம். ஓரமாக ஒரு மஞ்சள் அம்பாசடர் நின்றது. எங்கள் லாட்ஜ் இருக்கிற சதர் ஸ்ட்ரீட் என்றேன். மீட்டர் போட்டிருந்தால் நூற்றைம்பது ரூபாய்ப் பக்கம்தான் வந்திருக்கும். டிரைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுநூறு என்றார். எனக்கு இந்தி அரைகுறை. கூட வந்த சித்தப்பா பையனுக்கு அதுவும் கிடையாது. விரலைக் காட்டியே ஐந்நூறுக்கு இறக்கினோம். ஏறி உட்கார்ந்த பிறகு முன் சீட்டில் இன்னொருவரை ஏற்றினார். பார்க் சர்க்கஸில் அவரை இறக்கிவிட்டு அவரிடமும் காசு வாங்கினார். கடைசியில் பார்க் ஸ்ட்ரீட் முனையிலேயே வண்டியை நிறுத்தி, உள்ளே ஒன்-வே, இறங்குங்கள் என்று கையை நீட்டினார். ஐந்நூறைக் கொடுத்துவிட்டு லாட்ஜ் வரைக்கும் நடந்தோம்.

"அண்ணா, நம்ம ரெண்டு பேர் டிக்கெட்டே இவ்ளோ வரலையே" என்றான் தம்பி.

நிஜம்தான். ஆரம்பத்திலேயே தள்ளுபடியில் எடுத்து வைத்த டிக்கெட். உலகக் கோப்பை ஃபைனலை மல்டிபிளெக்ஸில் பாப்கார்னோடு படம் பார்க்கிற காசுக்கும் குறைவாகப் பார்த்தோம். அதே டிக்கெட்டில் மூன்றாம் இட ஆட்டமும் சேர்த்தி. ஐந்து மணிக்கு பிரேசில் - மாலி, எட்டு மணிக்கு ஃபைனல். இதைவிட மலிவாக இனி யார் கொடுக்கப் போகிறார்கள்?

இத்தனைக்கும் போகும்போது செலவு சில்லறைதான். சியால்டாவில் லோக்கல் ரயில் பிடித்தால் அடுத்த ஸ்டேஷன் பிதான்நகர் ரோடு, டிக்கெட் அஞ்சு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நம்ம ஊர் மாதிரி மூஞ்சியைப் பார்த்து ரேட் சொல்லும் வேலை கிடையாது. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு காசு, அவ்வளவுதான். மைதானத்துக்குப் பக்கத்திலேயே அப்போது மெட்ரோ கட்டிக்கொண்டிருந்தார்கள், 2020-ல்தான் ஓட ஆரம்பித்தது. அதனால் திரும்பும்போது நாங்களும் கூட்டத்தோடு கூட்டமாக, பிதான்நகர் ரோடு ஸ்டேஷன் இருக்கிற உல்டாடாங்கா வரைக்கும் நடந்திருக்க வேண்டும். டாக்சிக்காரன் கண்ணில் பட்டிருக்கக் கூடாது.

சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ். காலையில் சென்ட்ரலில் ஏறி மறுநாள் மதியம் ஹவுராவில் இறங்கினோம். 27 மணி நேரத்துக்கு மேல். ஸ்லீப்பர், தூக்கம், சமோசா. அதில் எழுத ஒன்றும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நியூ மார்க்கெட் பக்கம் பைஸ் ஹோட்டல் என்கிற வகைக் கடைகள் உண்டு. ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் சாப்பாடு போட்ட இடங்கள். உட்கார்ந்ததும் வாழை இலையை விரிக்கிறார்கள். ஆனால் இலைக்குத் தனிக் காசு! எலுமிச்சைத் துண்டுக்குத் தனிக் காசு. எனக்கு முதலில் கடுப்பாகத்தான் இருந்தது. பரிமாறுகிறவர் அன்றைய அயிட்டங்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார், நாம் விரலைக் காட்ட வேண்டியதுதான். வாழைப்பூவைத் தேங்காய் போட்டு வதக்கிய மோச்சா, கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு புரட்டிய ஆலு போஸ்தோ, கடுகு அரைத்த குழம்பில் பாப்தா மீன். அந்தக் கடுகு நெடி மூக்கில் ஏறி உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. கசகசாவைக் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடுகிற நமக்கு, அதையே ஒரு கறியாகச் செய்து சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எழுந்து கை கழுவிவிட்டு வருவதற்குள், நாங்கள் தின்றதை எல்லாம் மனக்கணக்காகவே கல்லாவுக்குக் கூவிவிட்டார் பரிமாறினவர். ரெண்டு பேருக்கும் முந்நூறைத் தொடவில்லை. சாயங்காலம் எக் ரோல், ராத்திரி மண் சட்டியில் மிஷ்டி தோய். பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுகிறார்களே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கொல்கத்தாக்காரர்கள் மன்னிக்கட்டும்.

மைதானத்துக்கு வருவோம். கேட்டில் தண்ணீர் பாட்டில் கூடாது, பவர் பேங்க் கூடாது, சில்லறைக் காசுகூடக் கூடாது. சரி, எங்கே வைப்பது? அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லை. எதிரே டீக்கடைக்காரர் ஒருவர் இருபது ரூபாய்க்குப் பொருட்களை வாங்கி வைத்து, துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டீ வியாபாரத்தைவிட அதில்தான் அன்றைக்கு அவருக்கு நல்ல வரும்படி. உள்ளே தண்ணீர் விற்றவர்கள் வெளி விலையைவிட மேலே வைத்து விற்றார்கள், ஹாஃப் டைமில் அதுவும் தீர்ந்தது. 66,000 பேர் வருவார்கள் என்று தெரிந்துதானே டிக்கெட் விற்றீர்கள்?

அந்த 66,000-மே இந்த மைதானத்துக்குக் கம்மி. 1984-ல் திறந்தபோது லட்சம் பேருக்கு மேல் உட்காரக் கட்டியது. 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் உள்ளூர்ப் பரம எதிரி கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது வந்தவர்கள் 1,31,781 பேர். பைச்சுங் பூட்டியா மூணு கோல் போட்டு ஹாட்ரிக், ஈஸ்ட் பெங்கால் 4-1-ல் ஜெயித்தது. பக்கத்து சீட்டில் பேரனோடு வந்திருந்த பெரியவர் அந்த மேட்சுக்கும் வந்தவராம். சிமென்ட் படியில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த உலகக் கோப்பைக்காகத்தான் தனித்தனி நாற்காலி போட்டு, செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு நிஜப் புல் வளர்த்திருக்கிறார்கள்.

எங்கள் பகுதியில் முக்கால்வாசிப் பேர் பிரேசில் மஞ்சள் சட்டையில் இருந்தார்கள். அரையிறுதியில் பிரேசில் தோற்றும்கூட! அந்த அரையிறுதியே கொல்கத்தாவுக்கு வர வேண்டியது கிடையாது. குவாஹாத்தியில் மழை பெய்து மைதானம் சேறாகி, ரெண்டு நாள் இருக்கும்போது இங்கே மாற்றினார்கள். அந்த அவசரத்திலும் அறுபதாயிரத்துக்கு மேல் வந்திருக்கிறார்கள். வியாசர்பாடியை மினி பிரேசில் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த எங்களுக்கே கொஞ்சம் அடக்கம் வந்துவிட்டது.

மூன்றாம் இட ஆட்டத்தில் நன்றாக ஆடியது மாலி, ஜெயித்தது பிரேசில். 55-வது நிமிடம் அலன் அடித்தது ஒரு சொத்தை ஷாட், உருண்டு வந்த பந்து. மாலி கோல்கீப்பர் குனிந்தார், பந்து அவர் காலிடுக்கில் புகுந்து உள்ளே போய்விட்டது. மைதானமே கொண்டாடியது. எங்கள் தெரு டீமுக்குத் தம்பிதான் கோல்கீப்பர், அவன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில் பிரேசிலுக்கு 2-0.

ஃபைனல் தொடங்கியதும் ஸ்பெயின்காரர்கள் பந்தை இங்கிலாந்துக்குக் கண்ணில்கூடக் காட்டவில்லை. 10-வது நிமிடம் செர்ஜியோ கோமஸ், 31-வது நிமிடம் மறுபடியும் கோமஸ். மே மாதம் குரோஷியாவில் நடந்த ஐரோப்பியப் போட்டி இறுதியில், இங்கிலாந்து ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி நொடிகளில் சமன் செய்து பெனால்டியில் பறித்துக்கொண்ட அதே ஸ்பெயின். கதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். தம்பி எழுந்து தண்ணீர் தேடப் போனான்.

44-வது நிமிடம் வலப்பக்கத்திலிருந்து செசன்யான் தூக்கிப் போட்ட பந்தை ரியான் ப்ரூஸ்டர் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கால் இறுதியில் ஹாட்ரிக், அரை இறுதியில் ஹாட்ரிக், இது இந்தப் போட்டியில் அவருக்கு எட்டாவது கோல். தண்ணீரும் கிடைக்காமல், கோலையும் பார்க்காமல் திரும்பி வந்தான் தம்பி.

இரண்டாம் பாதியை எப்படி எழுதுவது? இடது ஓரத்தில் ஹட்சன்-ஒடோய் என்கிற பையன் பந்தை வாங்கும்போதெல்லாம் எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து நின்றது. ஸ்பெயின் டிஃபெண்டர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. 58-ல் கிப்ஸ்-ஒயிட், 2-2. 69-ல் ஹட்சன்-ஒடோய் குறுக்கே போட்ட பந்தில் ஃபில் ஃபோடன், 3-2. 84-ல் கெஹி, 88-ல் மறுபடி ஃபோடன். ஒல்லியாக, சட்டை தொளதொளவென்று, பார்த்தால் ப்ளஸ் ஒன் படிக்கிற பையன். பந்து காலில் இருக்கும்போது மட்டும் அவசரமே படுவதில்லை. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். இத்தனையும் இங்கிலாந்து அணியின் நட்சத்திரம் ஜேடன் சான்சோ இல்லாமல். குரூப் ஆட்டங்கள் முடிந்ததும் அவரை அவர் ஆடிய ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப் திருப்பி அழைத்துக்கொண்டது.

மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லாரும் எப்போது இங்கிலாந்துப் பக்கம் சாய்ந்தார்கள் என்று தெரியவில்லை. கால் இறுதிக்குக் கோவா போனது தவிர, இங்கிலாந்து எல்லா ஆட்டத்தையும் இங்கேதான் ஆடியிருக்கிறது. அதனால் உள்ளூர்ப் பையன்கள் மாதிரி ஆகிவிட்டார்கள் போல. பெரியவரின் பேரன் என் தோளில் ஏறிக் குதித்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தியா மூன்று ஆட்டத்திலும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியே வந்தது தெரிந்ததுதான். ஆனால் டெல்லியில் கொலம்பியாவோடு நடந்த ஆட்டத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்டாரே, ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியாவின் முதல் கோல், அதைப் பற்றிக் கொல்கத்தாவில் டீக்கடைக்கு டீக்கடை பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிமிடமே கொலம்பியா பதில் கோல் போட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை!

என் வயிற்றெரிச்சல் வேறு. மொத்தம் 52 ஆட்டம். கொல்கத்தா, கொச்சி, கோவா, குவாஹாத்தி, டெல்லி, நவி மும்பை என்று ஆறு ஊர். சென்னைக்கு ஒன்றுகூட இல்லை. தெருவுக்குத் தெரு பந்து உதைக்கிற வடசென்னைப் பையன்கள் எத்தனை பேருக்கு, வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வங்காளம் போய் மேட்ச் பார்க்க முடியும்? தம்பிக்கு லீவுக்கே அவன் மேனேஜரிடம் பாட்டி செத்த கதை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து 2019-ல் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையையும் கேட்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டது, அது போலந்துக்குப் போய்விட்டது. இனி இப்படி ஏதாவது கிடைத்தால், டிக்கெட் விற்பனை திறந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். தங்க சதர் ஸ்ட்ரீட் லாட்ஜ்களே போதும். ஃபைனல் வாரத்தில் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள், முன்னாலேயே பேசி வையுங்கள். எங்கள் அறையில் ஃபேன் சுற்றியது, ஜன்னல் மூடவில்லை, கொசு ஏராளம். மொத்தச் செலவுக் கணக்கைத் தம்பி அவன் போனில் எழுதி வைத்திருக்கிறான். வாங்கிப் போடுகிறேன்.