மூன்று துளை, மூன்று பிட்

எனக்குப் புகைபிடிக்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் புகையிலை பைப் செதுக்குவதில் ஒரு கிறுக்கு. பைப் செய்ய உதவும் கெட்டி மரமான பிரையரில் நல்ல கட்டை ஒன்றைத் துளை போடும்போது கெடுத்தால் வயிறு எரியும். போன வாரம் எரிந்தது.

புகையிலை அடைக்கும் குழி பெரும்பாலும் 19 மி.மீ. விட்டம். சாதாரண டிரில் பிட் அடியைக் கூம்பாக்கிவிடும். நமக்கு வேண்டியது உருண்டையான அடி. அதற்கென்றே கரண்டி வடிவ பிட் உண்டு. இல்லையா, தட்டையான ஸ்பேட் பிட் ஒன்றை எடுத்து, நுனியை முட்டையின் அடிப்பக்கம் போல கிரைண்டரில் உருட்டிக்கொள்ளலாம். என்னுடையது அப்படிச் செய்ததுதான். இரண்டு விளிம்பும் ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிட் ஆடி குழி அகன்றுவிடும்.

தண்டு செருகும் துளைக்கு அடி தட்டையாக வெட்டும் 8 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் பிட் போதும்.

வம்பு பிடித்தது புகை வரும் 4 மி.மீ. துளைதான். நீளமான மெல்லிய பிட் மரத்தின் ரேகையோடு ஓடப் பார்க்கும். முதலில் குட்டை பிட்டால் வழி போட்டு, அப்புறம் நீள பிட்டை மெதுவாக இறக்கி, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்ட வேண்டும். நான் அவசரப்பட்டேன். துளை குழியின் அடியில் திறக்காமல் 3 மி.மீ. மேலே திறந்தது. அப்படியே விட்டால் அடியில் இருக்கும் புகையிலை ஈரமாகி எரியாமல் தங்கும்.

சரி, அந்தக் கட்டை இப்போது என் மேசையில் பென்சில் தாங்கி.