மிளகாய்ப் பழமும் ஒரு கப்பலும்

"டிஸ்னிலேண்டை நாளைக்குப் பாத்துக்கலாம் மாப்ள. இன்னைக்கு உனக்குப் பிடிச்ச எடத்துக்குப் போவோம்" என்றார் அத்தான். 2018 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சுமார் 20 மைல் தள்ளி இர்விண்டேல் என்றொரு ஊர். 1,500 பேர்கூட இல்லாத ஊரில் திரும்பின பக்கமெல்லாம் ஜல்லிக் குவாரிப் பள்ளங்கள். அங்கே இருக்கும் மிளகாய் சாஸ் தொழிற்சாலை வாசலில் கார் கதவைத் திறந்ததும் தும்மினேன். அத்தான் சிரித்தார்.

விருதுநகரில் வத்தல் மில் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நெடி எனக்குப் புதுசில்லை. ஆனால் இது வேற மாதிரி. நம்மூர் நெடி காய்ந்த நெடி, நேரே தொண்டையில் போய்க் குத்தும். இங்கே அரைப்பது வத்தல் இல்லை, செடியில் சிவந்த மிளகாய்ப் பழம். பூண்டும் புளிப்பும் கலந்து ஈரமாக மூக்கில் ஏறியது.

பச்சை மூடி, வெள்ளைச் சேவல் போட்ட ஸ்ரிராச்சா சாஸ் புட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியவர் டேவிட் டிரான். 1945-ல், சீன நாட்காட்டிப்படி சேவல் ஆண்டில் பிறந்தவர். புட்டியில் சேவல் நிற்பதற்குக் காரணம் அவ்வளவுதான். வியட்நாமில் வாழ்ந்த சீன வம்சாவளி, தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர். போர் முடிந்த பிறகு குடும்பத்தோடு மிளகாய் சாஸ் போட்டு விற்றார். புட்டி வாங்கக் காசேது? அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன ஜெர்பர் குழந்தை உணவு ஜாடிகளைக் கழுவி அதில்தான் அடைத்தார்.

1978-ல் சீனர்களுக்கு அங்கே நெருக்கடி முற்றியது. குடும்பம் பிரிந்து பிரிந்து கப்பலேறியது. கண்டென்ஸ்டு மில்க் டப்பாக்களுக்குள் 100 அவுன்ஸ் தங்கத்தை மறைத்து எடுத்துப் போயிருக்கிறார் மனிதர். அவர் ஏறிய சரக்குக் கப்பலில் 3,300 பேருக்கு மேல். ஹாங்காங் அரசு இறங்க விடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் போய் நின்ற கப்பல் ஜனவரி 19 வரை கடலிலேயே கிடந்தது. அந்தக் கப்பலின் பெயர் ஹுய் ஃபோங். புட்டியைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயரும் அதுதான். கப்பலில் வந்த அகதி என்றால் நமக்கு மண்டபம் முகாம் ஞாபகம் வரும். இத்தனை வருஷமாக அந்தப் பெயரைப் படிக்காமலே சாஸை ஊற்றியிருக்கிறேன்.

அமெரிக்காவில் முதலில் பாஸ்டன். லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த மச்சினனுக்குப் போன் போட்டு, "அங்கே சிவப்பு மிளகாய் கிடைக்குமா?" என்று கேட்டாராம். கிடைக்கும் என்றதும் மூட்டையைக் கட்டிவிட்டார். 1980-ல் சைனாடவுனில் ஒரு சின்ன இடம், ஒரு நீல வேன். தன்னைப் போல வந்து சேர்ந்த வியட்நாமியர்கள் ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப்பில் ஊற்றிக்கொள்ள ஒரு சாஸ் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. விளம்பரம் செய்ததே இல்லை. ஸ்ரிராச்சா என்பது தாய்லாந்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர். அதற்கு அவர் வணிக முத்திரையும் வாங்கவில்லை. பெரிய கம்பெனிகள் அதே பெயரில் சாஸ் இறக்கியபோது, நமக்கு இலவச விளம்பரம்தானே என்று இருந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் இப்போது கம்பெனிப் பொறுப்பில்.

தலைக்கு வலைத்தொப்பி மாட்டி உள்ளே விட்டார்கள். லாரியில் வந்திறங்கும் பழத்தை அன்றைக்கே அரைத்துவிடுகிறார்கள். நீல பீப்பாய்கள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. வருஷம் முழுக்க அதை எடுத்துத்தான் சாஸ். புட்டியும் அங்கேயே தயாராகிறது.

இந்த நெடிக்காகவே 2013-ல் ஊர் நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது. கண் எரிகிறது, மூக்கு எரிகிறது என்று புகார். "இங்கே கண்ணீர்ப்புகை தயாரிக்கவில்லை" என்று தொழிற்சாலையில் பேனர் கட்டினார்கள். அடுத்த மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். வத்தல் மில்லுக்கு எதிரே குடியிருந்தவன் என்ற முறையில் நான் ஊர்க்காரர்கள் பக்கம்தான்.

இன்னொரு விஷயத்தில் டிரான் மேல் எனக்கு வருத்தமே உண்டு. 1988 முதல் அண்டர்வுட் என்ற ஒரே பண்ணைக் குடும்பம்தான் அவருக்கு மிளகாய் விளைத்துக் கொடுத்தது. சாஸ் வளர வளரப் பண்ணையும் வளர்ந்தது. 2016-ல் பணத் தகராறில் பிரிந்தார்கள். 2019-ல் பண்ணைக்கு 2.33 கோடி டாலர் தரச் சொன்னது ஜூரி. 2022-ல் மிளகாய் கிடைக்காமல் உற்பத்தியே நின்று, கடைகளில் புட்டியைக் காணோம். 28 வருஷம் ஒரே கையை நம்பியிருந்தவர் அந்தக் கையை விட்டிருக்க வேண்டாம்.

ஊருக்கு ஒரு புட்டி வாங்கி வந்தேன். அம்மா விரலில் தொட்டு நக்கிவிட்டு, "என்னடா, மிளகாயில சீனியப் போட்டு வச்சிருக்கான்?" என்றாள். பையன்தான் முட்டைத் தோசைக்கு ஊற்றி ஊற்றித் தீர்த்தான். இப்போது அந்தப் பச்சை மூடிப் புட்டியைக் கழுவி, அம்மா அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். தோசையைச் சுற்றி விட வசதியாக இருக்கிறதாம்.